இடது தோளுக்குப் பின்னால் ஓர் ஓடுதளம்

பேகம்பேட்டை, 27-ஆம் எண் ஓடுதளம். மேற்குப் பார்த்துக் கிளம்பி, இடது பக்கம் இரண்டு முறை திரும்பியாயிற்று. செஸ்னா 172 இப்போது கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. உயரமானி 2,740 அடி காட்டுகிறது. விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் 1,740 அடியில் இருப்பதால், தரைக்கும் நமக்கும் இடைவெளி ஆயிரம் அடிதான். வலது இறக்கைக்குக் கீழே ஹுசைன் சாகர் மெல்ல நகர்கிறது. இடது ஜன்னலில் ஓடுதளம், நமக்கு இணையாக. செகந்திராபாத் ரயில் நிலையத்தை நெருங்கும்போது ஓடுதளத்தின் முனை இடது தோளுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் தெரிய வேண்டும். அந்த நொடியில் திரும்பினால் இறங்குவது சுலபம். பிந்தினால் நீண்ட சுற்று, முந்தினால் செங்குத்தான இறக்கம்.

இது வீட்டு மேஜையில் நடக்கிற விமானப் பயணம். ஒரே ஒரு 27 இன்ச் மானிட்டரை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறவருக்கு இடது தோளுக்குப் பின்னால் தெரிவது துணி காயும் கொடியும் அலமாரியும்தான். மூக்குக்கு நேர் எதிரே இருக்கிற ஒரு துண்டு வானத்தைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படாது. எப்போது திரும்ப வேண்டும் என்பதை மனக்கணக்காகப் போடுவார், அல்லது பொத்தானை அழுத்திப் பார்வையைப் பக்கவாட்டில் வெட்டித் திருப்புவார். வெட்டித் திரும்பிய பார்வையில் திசை குழம்பும். மீண்டும் முன்னால் பார்க்கும்போது விமானம் நூறடி இறங்கியிருக்கும்.

வீட்டில் ஃபிளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் மூன்று மானிட்டர் வாங்குவதைப் பார்த்து, பணத்தைக் கொட்டி ஜம்பம் காட்டுகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. சிலர் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் அந்த இரண்டு பக்கத் திரைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மேலே சொன்ன அந்த ஒற்றைத் திருப்பம்தான் அது. அதற்கு ஒத்தாசை செய்யாத மூன்று திரை வெறும் அலங்காரம்.

ஹைதராபாத்தில் இதைப் பற்றிப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. நிஜாம் அரசு 1930-களில் அமைத்த பேகம்பேட்டை விமான நிலையம், 1945-இல் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸுக்குத் தாய்வீடு. இந்தியாவின் முதல் பெண் வணிக விமானியான பிரேம் மாத்தூரை, மற்ற நிறுவனங்கள் கைவிரித்த பிறகு வேலைக்கு எடுத்தது அந்த நிறுவனம்தான். 1953-இல் விமானச் சேவைகள் நாட்டுடைமையானபோது டெக்கான் ஏர்வேஸ் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது. அந்த இந்தியன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளைத் தயார்செய்யும் மத்தியப் பயிற்சி நிலையத்தைப் பேகம்பேட்டை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, பழைய போயின்பல்லியில் நடத்தியது. நாடெங்கிலும் இருந்து விமானிகள் இங்கே வந்து சிமுலேட்டருக்குள் உட்கார்ந்து எஞ்சின் தீப்பிடிப்பதையும் சக்கரம் இறங்க மறுப்பதையும் சந்தித்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவார்கள். சிமுலேட்டர் என்ற பொருளை இந்த ஊர் வெகுகாலமாக அறியும். ராணுவத்துக்கும் போலீசுக்கும் பயிற்சி சிமுலேட்டர்கள் செய்யும் ஜென் டெக்னாலஜீஸ் 1993-இல் தொடங்கப்பட்டதும் இதே ஊரில்தான்.

அந்தப் பெரிய சிமுலேட்டர்களுக்குள் என்ன தெரியும் என்பதைத் தெரிந்துகொண்டால், வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பது பிடிபட்டுவிடும். ஆறு கால்களில் நின்று ஆடும் அந்தப் பெட்டியின் ஜன்னலுக்கு வெளியே மானிட்டர் கிடையாது. வளைந்த ஒரு பெரிய கண்ணாடி இருக்கும். கண்ணாடி என்றாலும் அது உண்மையில் மெல்லிய மைலார் படலம். பின்னாலிருந்து காற்றை உறிஞ்சி அதை வளைவாக இழுத்துப் பிடித்திருப்பார்கள். விமானி அறைக்கு மேலே இருக்கிற புரொஜெக்டர்கள் ஒரு திரையில் படத்தை விழச்செய்ய, அந்தத் திரையின் பிம்பத்தை இந்தக் கண்ணாடி விமானியின் கண்ணுக்கு அனுப்பும். கதிர்கள் கிட்டத்தட்ட இணையாக வந்து சேர்வதால், ஓடுதளம் சில அடி தள்ளி இருக்கிற படமாகத் தோன்றாது. கண்ணுக்கு அது மைல்கணக்கில் தள்ளி இருக்கும். இடப்பக்கம் இருக்கிற கேப்டனும் வலப்பக்கம் இருக்கிற துணை விமானியும் ஒரே திசையில் அதைப் பார்ப்பார்கள். உயர்தரமான டி நிலை சிமுலேட்டரில் இந்தக் காட்சி அகலவாக்கில் சுமார் 180 டிகிரி, உயரவாக்கில் சுமார் 40 டிகிரி.

வீட்டில் தூரத்தைக் கொண்டுவர முடியாது. கண் எப்போதும் 65 சென்டிமீட்டரில் இருக்கிற திரையைத்தான் குவித்துப் பார்க்கும். ஆனால் அகலத்தைக் கொண்டுவரலாம்.

தரையில் இருந்தபடியே பறந்து பார்க்கும் ஆசை புதிதல்ல. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் தன் அப்பாவின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் வளர்ந்த எட்வின் லிங்க், 1929-இல் ஆர்கன் துருத்திகளை வைத்தே ஆடிக் குலுங்கும் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். முதலில் அது பொருட்காட்சி வேடிக்கையாகவே விலைபோனது. 1934-இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டப் போய், மோசமான வானிலையில் விமானி மேல் விமானியாக இழந்த பிறகுதான் அந்தப் பெட்டியைத் தேடி வந்தது. கம்ப்யூட்டர் பக்கத்தில், புரூஸ் ஆர்ட்விக் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975-இல் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்தது ஆப்பிள் 2-க்கான ஃபிளைட் சிமுலேட்டர். 1982-இல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் பிசிக்கு வந்தது. நடுவே 2009-இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் குழுவையே இழுத்து மூடியது. அதன் பிறகும் சிம் ஆட்கள் 2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் பதிப்பைக் கட்டிக்கொண்டு பதினோரு வருஷத்துக்கும் மேல் காலம் தள்ளினார்கள். 2020 ஆகஸ்டில் புதுப் பதிப்பு வந்தது. மைக்ரோசாஃப்ட் 1998 முதல் ஹைதராபாத்தில் இருப்பதால் இதையும் இங்கேதான் செய்திருப்பார்கள் என்று சிலர் பெருமைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். செய்தது பிரான்சின் போர்தோவில் இருக்கிற அசோபோ.

நூலும் அட்டையும்

மூன்று மானிட்டர் வாங்கப் போகிறவர் கடைக்குப் போவதற்கு முன் ஒரு நூலும் ஒரு அட்டையும் எடுத்துக்கொண்டு மேஜை முன் உட்கார வேண்டும். கிராபிக்ஸ் கார்டு பற்றி யூடியூபில் பத்து மணி நேரம் பார்ப்பவர்கள் இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்வதில்லை.

கணக்கு எளிது. 27 இன்ச் மானிட்டரின் காட்சிப் பரப்பு சுமார் 60 சென்டிமீட்டர் அகலம். கண்ணிலிருந்து 65 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது நம் பார்வையில் 49 டிகிரியை அடைக்கும். சிமுலேட்டருக்குள் இருக்கிற கேமராவும் அந்தத் திரையில் 49 டிகிரியைத்தான் காட்ட வேண்டும். அப்போதுதான் மானிட்டர் ஜன்னலாகும். பெரும்பாலானவர்கள் செய்வது வேறு. பக்கம் தெரியவில்லையே என்று ஜூமைக் குறைத்து, ஒரே திரையில் 90 டிகிரியைத் திணிப்பார்கள். பக்கமும் கொஞ்சம் தெரியும், கருவிகளும் தெரியும், திருப்தியாக இருக்கும். இறங்கும்போது வினை. 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற 45 மீட்டர் அகல ஓடுதளம், 1440பி தெளிவுத்திறன் கொண்ட திரையில் சரியான கோணத்தில் 25 புள்ளி அகலம் தெரியும். 90 டிகிரி திணித்த படத்தில் 11, 12 புள்ளிதான். ஓடுதளம் பாதிக்கும் கீழே சுருங்கி, இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதாகக் கண் நம்பும். உயரமும் வேகமும் எல்லாம் தப்பாகத் தெரியும். இறங்கும் நேரத்தில் மூக்கைத் தூக்க வேண்டிய கணம் ஒவ்வொரு முறையும் தவறும். கை பழகவில்லை என்று பாவம் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். பழகாதது கை அல்ல, தப்புக் காட்டுவது படம்.

ஆக, ஒரு திரையில் உண்மை தெரிய வேண்டுமென்றால் அகலம் போகும். அகலம் வேண்டுமென்றால் உண்மை போகும். இரண்டும் வேண்டுமென்றால்தான் கூடுதல் திரை.

நாற்காலியில் வழக்கமாக உட்காருகிறபடி உட்கார்ந்து, கண் இருக்கிற இடத்தில் நூலின் ஒரு முனையை யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். மறுமுனையை 65 சென்டிமீட்டரில் முடிச்சிட்டு, மூன்று திரைகளின் நடுப்புள்ளியும் அந்த முடிச்சைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு திரையும் நம் முகத்துக்கு நேராகத் திரும்பியிருக்க வேண்டும் என்பதால், பக்கத்துத் திரைகளுக்கு இடையே 131 டிகிரி கோணம் வரும். அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி மேஜையில் வைத்துச் சரிபார்க்கலாம். கடைக் காட்சிகளில் மூன்றையும் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் வைத்திருப்பார்கள், படம் பிடிக்க அழகாக இருக்கும். விமானம் ஓட்ட ஆகாது. இப்படி வளைத்து வைத்தால் மேஜையில் 140 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் ஆழமும் மானிட்டர்களே எடுத்துக்கொள்ளும். மானிட்டரோடு வருகிற கால்கள் ஒன்றோடொன்று முட்டும், ஆகவே பின்பக்கம் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகு ஓட்டை இருக்கிற மாடலாக வாங்கி, தனி ஸ்டாண்டில் மாட்டுவதே வழி.

மூன்றும் சேர்ந்து 148 டிகிரி. அதாவது மூக்கிலிருந்து இடப்பக்கம் 74, வலப்பக்கம் 74. தோளுக்குப் பின்னால் 45 டிகிரி வரை பார்க்க நமக்கு வேண்டியதோ இடப்பக்கம் 135. எட்டவில்லை!

இங்கேதான் பலர் சோர்ந்துபோய் 43 இன்ச் 4கே டிவி மூன்றை வாங்கி அறையையே அடைக்கிறார்கள். 75 சென்டிமீட்டரில் வைத்தால் 194 டிகிரி கிடைக்கும், உண்மைதான். ஆனால் மொத்தம் இரண்டரைக் கோடிக்குச் சற்றே குறைந்த புள்ளிகளைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் வரைய வேண்டும். மூன்று 1440பி திரைகளுக்கு 1.1 கோடி புள்ளி போதும். 32 இன்ச் மானிட்டர் மூன்றை 60 சென்டிமீட்டருக்கு இழுத்தால் 183 டிகிரி வரும், ஒரு டிகிரிக்கு 42 புள்ளி வீதம் படம் கொஞ்சம் கரடுமுரடாகும். என் ஓட்டு வேறொன்றுக்கு. மூன்று திரையையும் சமமாகப் பிரிக்காமல், ஒன்றை நேரே, இரண்டை இடப்பக்கம் வைப்பது. பார்க்க ஒற்றைச் சிறகுக் கோழி மாதிரி இருக்கும், விருந்தாளிகள் சிரிப்பார்கள். ஆனால் இடப்பக்கம் 123 டிகிரி வரை தொடர்ச்சியாகத் தெரியும். சின்ன விமானத்தில் விமானி இடப்பக்கம் உட்காருகிறார், வழக்கமான சுற்றும் இடச்சுற்றுதான். மிச்சமுள்ள 12 டிகிரிக்குத் தலையசைவைக் கவனிக்கும் டிராக்ஐஆர் போன்ற கருவியோ, வெப்கேமராவோடு இலவச ஓபன்டிராக்கோ போதும்.

ஏர்பஸ் 320 ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பத்திகளை எல்லாம் தாண்டிவிடலாம். ஹைதராபாத்தின் புதிய விமான நிலையமான ஷம்ஷாபாத்தில் பத்து மைல் தள்ளியே நேர்க்கோட்டுக்கு வந்து, ரேடியோக் கற்றையைப் பிடித்து இறங்குகிற விமானத்தில் தோளுக்குப் பின்னால் பார்க்க ஒன்றுமில்லை. அவர்களுடைய கண் பெரும்பாலும் கருவித் திரைகளில்தான். அவர்களுக்கு ஒரு பெரிய மானிட்டரும், கீழே கருவிகளைக் காட்ட இன்னொரு சின்னத் திரையும் போதும். மிச்சப் பணம் ஆட்டோபைலட் பேனலுக்கும் த்ராட்டிலுக்கும் போகட்டும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வலப்பக்க ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு ஒரு கருவித் திரையைச் சொடுக்கினால் அது தனி ஜன்னலாகக் கழன்று வரும், பழைய குட்டி மானிட்டரில் போட்டுக்கொள்ளலாம்.

சீனாய் டிரேட் சென்டரில்

செகந்திராபாத் பார்க் லேனில் இருக்கிற சீனாய் டிரேட் சென்டரை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. சிடிசி என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, ஹைதராபாத்துக்கு இது. மாடிமாடியாகக் கடைகள். கேபினெட், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு என்று இந்தியும் தெலுங்கும் கலந்து விலை பேசப்படும். இணையத்தில் வாங்குவதைவிட மானிட்டரை இங்கே வாங்குவதில் ஒரு லாபம் இருக்கிறது. மூன்றும் ஒரே மாடல் என்பதோடு நில்லாமல், பெட்டியைப் பிரித்து மூன்றையும் பக்கத்தில் வைத்து எரியவிட்டுப் பார்க்கலாம். ஒரே மாடலிலேயே ஒன்றில் வெள்ளை மஞ்சளாகவும் மற்றொன்றில் நீலமாகவும் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத இந்த வித்தியாசம், ஒரே வானம் மூன்று திரைகளில் தொடரும்போது கண்ணை உறுத்தும். ஆகவே மூன்றையும் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். 27 இன்ச் 1440பி இப்போது ஒன்று இருபதாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டருக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டதால் பெரிய திரை வாங்குபவர்களுக்கும் கொஞ்சம் ஆறுதல். ராம் வாங்குகிறவர்களுக்கு அந்த ஆறுதல் இல்லை. ஏஐ நிறுவனங்களின் தேவையால் 2025 கடைசியிலிருந்து அதன் விலை எகிறிவிட்டது.

கடைக்காரர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டைத்தான் முதலில் காட்டுவார்கள். அது மற்ற விளையாட்டுகளுக்குச் சரி. ஃபிளைட் சிமுலேட்டரில் முதலில் மூச்சு முட்டுவது பிராசசருக்கு. விமானத்தின் இயக்கம், வானிலை, மற்ற விமானங்கள், கருவிகள் எல்லாவற்றையும் ஒரு முக்கியக் கோர் வரிசையாகப் பார்த்தாக வேண்டும். பதினாறு கோர் இருந்தாலும் அந்த ஒன்று திணறினால் படம் திணறும். இதற்காகவே சிம் ஆட்கள் ஏஎம்டியின் எக்ஸ்3டி வகையைத் தேடுகிறார்கள். சிப்போடு சேர்த்தே கூடுதல் கேஷ் நினைவகத்தை அடுக்கிய வகை அது. 2022-இல் 5800எக்ஸ்3டி, அடுத்த ஆண்டு 7800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி. எட்டே கோர்தான், ஆனால் திரும்பத் திரும்பத் தேவைப்படும் தரவு பக்கத்திலேயே இருப்பதால் வேலை நிற்காது. கிராபிக்ஸ் கார்டில் வேகத்தைவிட நினைவகம் முக்கியம், மூன்று திரைக்கு 16 ஜிபி இருந்தால் நிம்மதி. மைக்ரோசாஃப்ட் 2024 பதிப்பு உச்சநிலைக்கு 64 ஜிபி ராம் சொல்கிறது, 32 ஜிபியில் ஓடும். விநாடிக்கு 30 படம் சீராக வந்தால் விமானம் ஓட்டப் போதும். 60-க்கும் 25-க்கும் நடுவே குதித்துக்கொண்டிருப்பதுதான் தொல்லை.

எந்த மென்பொருள் என்பதில் மூன்று திரைக்காரருக்குத் தயக்கமே வேண்டாம். ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேனில் ஒவ்வொரு மானிட்டருக்கும் பார்வைக் கோணம், பக்கவாட்டுத் திருப்பம் இரண்டையும் தனித்தனியாக எண்ணில் கொடுக்கலாம். 49, கழித்தல் 49, கழித்தல் 98 என்று எழுதிவிட்டால் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2022-இல்தான் சோதனை முயற்சியாகப் பல திரை வசதியைத் தந்தது, இன்னமும் அதில் மனசு வைக்கவில்லை என்றே தோன்றுகிறது. என்விடியா சரவுண்ட் வழியாக மூன்றையும் ஒரே நீளப் படமாக இணைக்கும் குறுக்குவழி உண்டு. ஆனால் 148 டிகிரியை ஒரே தட்டைப் படமாக வரைந்தால், ஓரத்தில் இருக்கிற பொருள் நடுவில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் அகலமாக இழுபடும். ஹுசைன் சாகர் புத்தர் சிலை படுத்திருக்கும். வெளி அழகில் மைக்ரோசாஃப்டை அடிக்க ஆளில்லை, அது வேறு விஷயம்.

ராணிகஞ்ச் இரும்புக் கடைகளும் பாலாநகர் பட்டறைகளும் இந்த ஊர்க்காரர்களுக்கு வாய்த்த வரம். 40 மில்லிமீட்டர் அலுமினியப் புரொஃபைலை அளவு சொல்லி அறுத்து வாங்கி, மானிட்டர் ஸ்டாண்டும் பெடல் பலகையும் ஒரே சட்டகமாகக் கட்டிவிடலாம். ரடர் பெடல் தரையில் தனியாகக் கிடந்தால் மிதிக்க மிதிக்க ஓடிப்போகும், சட்டகத்தில் திருகினால் நிற்கும். ஸ்விட்ச், ரோட்டரி என்கோடர், ஒயர் போன்ற சில்லறைச் சாமான்களுக்குக் கோட்டி குஜராத்தி கல்லி. ஆர்டுயினோ பலகையும் மோபிஃபிளைட் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் ரேடியோ பேனலைச் சொந்தமாகவே செய்யலாம். உலோகச் சட்டகத்துக்கு எர்த் கொடுக்க மறக்காதீர்கள்.

கரண்ட் போனால்? 300 வாட் கார்டு, 80 வாட் பிராசசர், மூன்று மானிட்டருக்குச் சுமார் 90 வாட், மற்றவை சேர்த்து 500-ஐத் தாண்டும். வீட்டில் கிடக்கிற 600 விஏ யூபிஎஸ் அந்தக் கணமே கீச்சிட்டு அணையும். 1,500 விஏ வேண்டும். அந்த 500 வாட்டும் கடைசியில் சூடாக அறைக்குள்தான் வந்து சேரும், ஏப்ரல் மே மாதத்து ஹைதராபாத்தில் ஏசி இல்லாத அறையில் இதை வைப்பது விமானிக்கும் நல்லதல்ல, பிராசசருக்கும் நல்லதல்ல.

இத்தனை செலவழித்தும் வீட்டில் ஓட்டிய ஒரு மணி நேரம்கூட லாக்புக்கில் ஏறாது. வணிக விமானி உரிமத்துக்கு, விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கேட்கும் 200 மணி நேரத்தை நிஜப் பறப்பிலும் அங்கீகாரம் பெற்ற கருவிகளிலும்தான் சேர்க்க வேண்டும். அப்படியிருந்தும் பயிற்சி மாணவர்கள் பலர் வீட்டில் ஓட்டுகிறார்கள் என்றால், இயக்க வரிசையும் சுற்றின் அளவும் கைக்கு வரட்டும் என்பதற்காகத்தான். பறக்க ஆகும் செலவு ஒவ்வொரு மணிக்கும் ஆயிரக்கணக்கில் ஓடும்போது, தரையில் தவறு செய்து முடித்துவிட்டு மேலே போவது நல்ல சிக்கனம்.

2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் திறந்த பிறகு பேகம்பேட்டையில் பயணிகள் விமானம் கிடையாது. விமானப் படையும் விஐபிக்களும் பயிற்சி விமானங்களும்தான். சிமுலேட்டரில் அந்தக் கட்டுப்பாடு ஏது? பாரடைஸ் சந்திப்பின் தலைக்கு மேலே தாழப் பறந்துபோன அந்தக் காலத்து விமானங்களை நினைவு வைத்திருப்பவர்கள், பழைய 737-ஐ எடுத்துக்கொண்டு இன்றும் அங்கே இறங்கலாம்.

மூன்றாவது மானிட்டருக்குப் பணம் போதவில்லை என்றால் அதைத் தள்ளிப்போட்டு, ஒரு சாதாரண ஹெட்செட் வாங்கிக்கொள்ளுங்கள். 2001 முதல் இயங்கிவரும் வாட்சிம் என்ற இலவச வலையமைப்பில் உலகெங்கும் தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டு அதிகாரிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தியாவுக்கும் குழு உண்டு. அவர்களில் ஒருவர் ஹைதராபாத் அலைவரிசையில் வந்து, இரண்டாவதாக இறங்க வேண்டும், முன்னே போகிற ஏர்பஸ் கண்ணில் படுகிறதா என்று கேட்கும்போது, இடது பக்கத் திரையில் அதை அவசரமாகத் தேடுவீர்கள். அதற்குப் பிறகு தனியாக ஓட்டப் பிடிக்காது.